தண்ணீருக்கு வழி விடாத வீடுகள்

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறியதும் வீட்டுக்காரர்கள் பெயிண்டரைத் தேடத் தொடங்குவார்கள். சுவரில் அங்கங்கே கொப்புளம், மூலையில் கறுப்புப் புள்ளிகள், தரையை ஒட்டி வெள்ளையாகப் பூத்த உப்பு. சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்தால் வீடு பளிச்சென்று ஆகிவிடும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கொப்புளம். இந்த முறை பெயிண்ட் கம்பெனி மாறும், பெயிண்டரும் மாறுவார். சில வீடுகளில் அந்த இடத்தை மறைக்க ஓர் அலமாரி வந்து உட்காரும். அதன்பிறகு அந்தச் சுவர் என்ன ஆனது என்று யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

வீடு பழுதாகும் காரணங்களில் பெரும்பங்கு தண்ணீருடையது. கம்பி துருப்பிடிப்பது, மரம் இற்றுப்போவது, டைல்ஸ் கிளம்புவது, பூஞ்சை படர்வது என எதை எடுத்தாலும் பின்னால் ஈரம் இருக்கும். மண்ணிலிருந்து ஏறும் கரையான்கூட ஈரம் இருக்கும் பக்கமாகத்தான் வரும். ஈரமே நுழையாத வீட்டை யாரும் கட்டியதில்லை. நுழைந்த ஈரம் காய எவ்வளவு நாள் ஆகிறது, அதற்குள் அடுத்த ஈரம் வந்து சேர்ந்துவிடுகிறதா என்பதில்தான் வீட்டின் ஆயுள் இருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அழகு, வசதி, மின்சிக்கனம் என்ற பெயரில் வீடுகளுக்கு வந்த மாற்றங்களில் பல, இந்தக் காயும் வழியைத்தான் அடைத்திருக்கின்றன. சீரமைப்புக்கு ஒதுக்கும் பணத்தை எங்கே முதலில் போடுவது என்பதை இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

எந்த ஈரம் இது?

கூரையில் விழும் மழை, தரையிலிருந்து ஏறும் மண் ஈரம், சுவருக்குள் ஓடும் குழாயின் கசிவு, வீட்டுக்குள் நாமே உண்டாக்கும் நீராவி. ஈரம் வரும் வழிகள் இவ்வளவுதான். ஆனால் ஒன்றின் வைத்தியம் இன்னொன்றுக்குச் செல்லாது. மண் ஈரத்துக்கு மாடியில் வாட்டர்புரூபிங் செய்தவர்களும் உண்டு, நீராவிக்கு வெளிச்சுவரில் ரப்பர் பெயிண்ட் அடித்தவர்களும் உண்டு.

மழையின் அளவைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறோம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 5 சென்டிமீட்டர் மழை என்றால் 5,000 லிட்டர். அத்தனையும் இரண்டு மூன்று குழாய் வாய்கள் வழியாக இறங்கியாக வேண்டும். அதற்குத்தான் தளத்துக்கு வாட்டம், அதாவது லேசான சரிவு, கொடுப்பது. குறைந்தபட்சம் 80-க்கு 1 என்ற வாட்டம் பரவலாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 8 மீட்டர் நீளத் தளத்தில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 10 சென்டிமீட்டர் உயர வித்தியாசம் வேண்டும் என்று அர்த்தம். கட்டிய புதிதில் இது இருந்திருக்கும். பிறகு சூடு தணிக்க ஓர் அடுக்கு டைல்ஸ், தொட்டிக்கு ஒரு மேடை, துணி காயப்போடக் கம்பங்கள், செடித்தொட்டி வரிசை என்று சேரச் சேர வாட்டம் கெட்டுப்போகும். மழை நின்ற மறுநாள் காலையில் மாடியேறினால் எங்கே தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று தெரியும். அதன் விளிம்பைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டால், கொத்தனாரிடம் பேச அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மேல்தளத்தில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. கான்கிரீட் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 10 மீட்டர் தளம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 3 மில்லிமீட்டர் நகரும். அடியில் தாங்கும் சுவர் அவ்வளவு சூடாவதில்லை, ஆகவே அவ்வளவு நகர்வதும் இல்லை. கடைசி மாடி வீடுகளில் சீலிங்கும் சுவரும் சேரும் இடத்தில் கிடையாக ஓடும் விரிசலுக்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். அதில் சிமெண்டைத் திணித்து அடைத்தால் அடுத்த கோடையில் அதே இடத்திலோ ஒரு விரற்கடை தள்ளியோ மறுபடி விடும். அசைகிற விரிசலுக்கு அசைந்து கொடுக்கிற சீலன்ட்தான் சரி. பெரும்பாலும் இந்த விரிசலால் வீட்டின் பலத்துக்கு ஆபத்தில்லை. மழைக்கு வாசல் திறந்துவிடுவதுதான் அது செய்யும் கேடு. கைப்பிடிச் சுவர் தளத்தில் வந்து உட்காரும் மூலையிலும் இதே கதைதான் நடக்கிறது. மாடி முழுக்க வாட்டர்புரூபிங் பூசிவிட்டு இந்த மூலையைச் சரியாக வளைத்து ஏற்றாமல் விட்டால், போட்ட பணத்தில் பாதி வீண்.

மண் ஈரம் வேறு மாதிரி. செங்கல்லிலும் பூச்சிலும் உள்ள நுண்துளைகள் வழியே தண்ணீர் மேலேறும். சாதாரணமாக ஒரு மீட்டர் அளவுக்கு ஏறுவதற்குள் ஆவியாகிவிடும். ஆனால் ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அது மண்ணிலிருந்து கரைத்துக் கொண்டுவந்த உப்பு சுவரிலேயே தங்கிப் படிகமாகி, உள்ளிருந்து பூச்சைத் தள்ளும். சுவரில் கை வைத்தால் மாவாக உதிர்வது இதனால்தான். இதில் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது: நைட்ரேட், குளோரைடு வகை உப்புகள் காற்றில் உள்ள ஈரத்தையே இழுத்துக்கொள்ளும். அடியில் ஈரம் ஏறுவதை முற்றிலும் நிறுத்தியபிறகும், மேகமூட்டமான புழுக்க நாளில் அந்தச் சுவர் நனைந்தாற்போலக் காட்டும். செய்த வேலை தோற்றுவிட்டது என்று நினைத்து மறுபடி செலவு செய்வார்கள். உண்மையில் மிச்சமிருந்த வேலை, உப்பேறிய பழைய பூச்சை ஈரத்தடத்துக்கு மேலும் சற்று உயரம் வரை செங்கல் தெரியக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவதுதான்.

சுவரில் ஈரம் ஏறாமல் தடுக்க, கட்டும்போதே தரைமட்டத்துக்கு மேல் ஒரு தடுப்பு அடுக்கு போடுவார்கள். அது வெளித் தரையிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் கட்டுமான வழக்கத்தில் வேரூன்றிய கணக்கு. வீடு கட்டிப் பல ஆண்டுகள் கழித்து வெளியே மண் நிரப்பி, மேலே கல் பதித்து, சுவரை ஒட்டிப் பூச்செடிக்கு ஒரு பாத்தியும் கட்டினால் அந்தத் தடுப்பு மண்ணுக்குள் போய்விடும். அப்புறம் அதைத் தாண்டி ஈரம் ஏற எந்தத் தடையும் இல்லை. சுவரை உடைத்துப் பெரிய வைத்தியம் பார்ப்பதற்கு முன், வெளியே போய் மண்வெட்டியால் அந்த மண்ணை வெட்டி எடுத்தாலே சில வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். இந்த வேலையில் யாருக்கும் கமிஷன் இல்லை. அதனாலோ என்னவோ, யாரும் இதைச் சொல்வதும் இல்லை.

குழாய்க் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. மழையே இல்லாத மாதத்திலும் ஈரம் மாறாமல் இருந்தால் சந்தேகப்படலாம். இரவு எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு மீட்டரைக் குறித்துக்கொண்டு காலையில் பார்த்தால் போதும். மீட்டர் இல்லாத வீட்டில் மேல்தொட்டியின் நீர்மட்டம் அதே வேலையைச் செய்யும்.

நான்காவது வழியைத்தான் பெரும்பாலோர் நம்ப மறுப்பார்கள். மூச்சு, குளியல், சமையல், துணி உலர்த்துதல் எல்லாம் சேர்ந்து நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு நாளில் ஏறக்குறைய 10 லிட்டர் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது. சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அது 17 கிராமாகவும், 10 டிகிரியில் ஒன்பதரைக்கும் சற்றுக் குறைவாகவும் இறங்கிவிடும். மிச்சம் எங்காவது தண்ணீராக இறங்கியாக வேண்டும். வீட்டிலேயே குளிர்ந்த இடம் எதுவோ அங்கே இறங்கும்: கண்ணாடி, வெளிச்சுவர் மூலை, அலமாரியின் முதுகுப்புறம். பூஞ்சைக்குச் சொட்டச் சொட்டத் தண்ணீர் வேண்டியதில்லை. சுவரை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் தொடர்ந்து 80 சதவீதத்தைத் தொட்டாலே அதற்குப் போதும். வீட்டு ஈரமும் பூஞ்சையும் மூச்சுக்குழல் நோய்களோடும் ஆஸ்துமாவோடும் தொடர்புள்ளவை என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் தனி வழிகாட்டியே வெளியிட்டது. ஆக இது சுவரின் அழகோடு நிற்கிற விஷயம் இல்லை.

சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று பிரித்தறிய ஒரு பழைய சோதனை உண்டு. ஈரம் தெரியும் இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு முழம் சதுரத்துக்கு அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கமாக ஒட்ட வேண்டும். ஓரிரு நாள் கழித்து, தாளின் வெளிப்புறம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். பிரித்துப் பார்க்கும்போது உட்புறம் நனைந்திருந்தால் சுவர் வழியே வரும் ஈரம். இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டு வைத்தியமும் வேண்டும்.

கான்கிரீட்டுக்கும் வயசாகும்

பால்கனியின் அடிப்பக்கத்தில் பழுப்பாக ஒரு கோடு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நேர்கோடாக இருந்தால் அது கம்பியின் தடம். கோடு விரிசலாகி, விரிசல் பிளந்து, ஒருநாள் பெரிய சில்லாகப் பெயர்ந்து விழும். உள்ளே கம்பி செதில் செதிலாக உரிந்திருக்கும்.

புதிய கான்கிரீட்டின் கார அளவு பி.எச். 12.5-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகித் துருவைத் தடுத்துவிடும். காற்றிலுள்ள கரியமில வாயு கான்கிரீட்டுக்குள் மெதுவாக ஊடுருவி இந்தக் காரத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கம்பி இருக்கும் ஆழத்தில் பி.எச். 9 அளவுக்கு இறங்கியதும் காப்புப் படலம் போய்விடும். பிறகு ஈரமும் காற்றும் கிடைத்தால் துரு ஆரம்பம். துரு, தான் தின்ற இரும்பைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். கான்கிரீட்டைப் பிளப்பது இந்த வீக்கம்தான்.

கரியமில வாயு நுழையும் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு: ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துப் போகும். 1 சென்டிமீட்டரைக் கடக்கப் பத்து ஆண்டு எடுத்தால், 2 சென்டிமீட்டருக்கு நாற்பது ஆண்டு. கம்பிக்கு அடியில் சின்னச் சிமெண்ட் வில்லைகளை வைத்துத் தூக்கி நிறுத்துகிறார்களே, அந்த வேலையில் ஒரு சென்டிமீட்டர் அலட்சியம் காட்டினால் எத்தனை ஆண்டு ஆயுள் போகும் என்பதை இதிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். கட்டி முடித்த வீட்டில் இதைத் திருத்த முடியாது. ஆனால் துருவுக்குத் தேவையான ஈரத்தை நிறுத்த முடியும். கார அளவு இறங்கிய கான்கிரீட்டும் உலர்ந்தே இருந்தால் துரு மிக மெதுவாகத்தான் போகும். பால்கனியின் அடிப்பக்கமும் சன்ஷேடும் குளியலறையின் அடித்தளமும் முதலில் பெயர்வதற்குக் காரணம் அவை நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து கிடப்பதே. பெயர்ந்த இடத்தில் துருவைத் தேய்க்காமல் மேலே சிமெண்டை அப்பிவிட்டுப் போவது ஊரெங்கும் நடக்கிற வேலை. உள்ளே துரு தன் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருக்கும். பெயர்த்துக் கம்பியின் பின்பக்கம் வரை சுத்தம் செய்து, துருத்தடுப்புப் பூசி, அதற்கென்று உள்ள கலவையால் கட்டினால்தான் நிற்கும். அதற்கும் முன்னால் மேலிருந்து வரும் தண்ணீரை நிறுத்தியாக வேண்டும்.

நாகரிகம் அடைத்த வழிகள்

வீட்டு நாகரிகமும் தண்ணீரும் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு நியூசிலாந்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. 1990-களில் அங்கே மத்தியதரைக்கடல் பாணி வீடுகள் மேல் ஒரு மோகம். இணைப்பே தெரியாமல் வழவழவென்று பூசிய சுவர், வெளியே நீளாத கூரை விளிம்பு, கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்ட தட்டைக் கூரை. பார்க்க அழகுதான். ஆனால் மத்தியதரைக்கடல் ஊர்களில் அந்தச் சுவர் கல்லும் காரையும், மழையும் குறைவு. நியூசிலாந்தில் பூச்சுக்குப் பின்னால் இருந்தது மரச்சட்டகம், மழையோ தாராளம். 1991-இன் கட்டடச் சட்டம் எப்படிக் கட்ட வேண்டும் என்று விதிப்பதை விட்டுவிட்டு, கட்டியது எப்படி இயங்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. அந்தப் பத்தாண்டின் நடுவில் மருந்தேற்றாத மரத்தைச் சட்டகத்துக்குப் பயன்படுத்தவும் அனுமதி கிடைத்தது. ஜன்னல் இடுக்கில் நுழைந்த தண்ணீருக்குப் பூச்சுக்குப் பின்னால் வடிய இடைவெளி இல்லை. காயவும் வழி இல்லை. வெளியே சுவர் புதுக்கருக்குடன் இருக்க, உள்ளே சட்டகம் இற்றுப்போனது. 2002-இல் அரசு நியமித்த குழுவின் அறிக்கை வந்தது. 2009-இல் பிரைஸ்வாட்டர்ஹவுஸ்கூப்பர்ஸ் நிறுவனம் போட்ட மதிப்பீட்டில் பாதிக்கப்பட்ட வீடுகள் 42,000, மொத்தச் செலவு 11.3 பில்லியன் நியூசிலாந்து டாலர்.

கனடாவின் வான்கூவரில் 1980-களிலும் 90-களிலும் கட்டிய அடுக்குமாடிகளில் இதே போன்ற கதை. முன்னாள் மாகாண முதல்வர் டேவ் பாரெட் தலைமையில் 1998-இல் விசாரணை ஆணையமே அமைக்க வேண்டியிருந்தது. அந்தக் கடற்கரைப் பகுதியின் கட்டடங்களை ஆராய்ந்தபோது தெரிந்த ஓர் உண்மை கொஞ்சம் வேடிக்கையானது: கூரை விளிம்பு எவ்வளவு நீளமாக வெளியே வந்திருக்கிறதோ, அவ்வளவுக்குச் சுவரில் பழுது குறைவு. தாத்தா காலத்து வீட்டில் எல்லோரும் கண்டிருந்த விஷயம்தான். இவ்விரண்டு அனுபவங்களுக்குப் பிறகு பொறியாளர்கள் சுவருக்கு வரிசையாகச் சில கடமைகளைச் சொல்கிறார்கள்: முதலில் மழையை விலக்கு, மீறி வந்ததை வடியவிடு, வடியாததைக் காயவிடு, அதுவரை தாங்கு. முதல் கடமையை மட்டும் நம்பி, மற்ற மூன்றையும் மறந்த வீடுகள்தான் மாட்டிக்கொண்டன.

1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் குளிர் நாடுகளில் வீட்டை இறுக்கமாக மூடிக் கட்டும் போக்கு தொடங்கியது. வெப்பம் வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். இதைச் சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். கனடாவின் ரெஜைனாவில் 1977-இல் கட்டிய மாதிரி வீட்டில் இடுக்குகளை அடைத்ததோடு, காற்றை மாற்றுவதற்கு வெப்பத்தை மீட்டெடுக்கும் கருவியையும் வைத்தார்கள். ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட்டில் 1991-இல் குடியேறப்பட்ட முதல் பாசிவ்ஹவுஸ் (மிகக் குறைந்த எரிசக்தியில் இயங்கும் வீடு) வரிசையிலும் அதே இணை. பின்னால் வந்தவர்களில் பலர் இந்த ஜோடியில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். இடுக்கில்லாத ஜன்னல் வந்தது, காற்றுக்கு மாற்று ஏற்பாடு வரவில்லை. பழைய ஜன்னல் ஓட்டை வழியே போய்க்கொண்டிருந்த நீராவி இப்போது சுவரில் இறங்குகிறது. புது ஜன்னல் போட்ட மறுவருடம் பூஞ்சை வந்தால் ஜன்னல் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

பழைய சுவர் மூச்சு விடும், புதுச் சுவர் விடாது என்ற பேச்சும் இதோடு வரும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் செங்கல் சுவர் வழியே அறைக் காற்று கணிசமாக மாறுகிறது என்று நினைத்தார். பிற்கால அளவீடுகளில் அது நிற்கவில்லை. காற்று மாறுவது இடுக்குகள், ஜன்னல், புகைபோக்கி வழியாகத்தான். ஆனால் சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தன்வழி போகவிடும் என்பது உண்மை. அதன்மேல் பிளாஸ்டிக் போன்ற பெயிண்டை அடித்தால் அந்த வழியும் போச்சு. பழைய காரைச் சுவர் வைத்திருப்பவர்கள் சிமெண்ட் பூச்சுக்கும் பளபளப்பு பெயிண்டுக்கும் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

வெப்ப நாடுகளில் இந்தக் கதை தலைகீழாக நடக்கிறது. அங்கே குளிர்ந்த பக்கம் அறைக்குள்ளே. ஏசி ஓடும் அறையின் சுவரை நோக்கி வெளியிலிருந்து புழுக்கக் காற்றின் ஈரம் வரும். 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று ஏறத்தாழ 17 டிகிரியிலேயே தண்ணீராகத் தொடங்கிவிடும். வெளிக்காற்று இதைவிட ஈரமானது என்றால் இன்னும் சீக்கிரம். அந்தச் சுவரின் உட்புறத்தில் பிளாஸ்டிக் வால்பேப்பரோ இறுக்கமான பேனலோ ஒட்டியிருந்தால் ஈரம் அதன் பின்னால் சிக்கிக்கொள்ளும். ஓட்டல் அறைகளில் வால்பேப்பரை உரித்தால் பின்னால் பூஞ்சைப் படுகை இருப்பது இப்படித்தான்.

உள்ளலங்காரப் போக்குகளில் எனக்கு அதிகம் உறுத்துவது பால்ஸ் சீலிங்கும் டைல்ஸ்மேல் டைல்ஸும். கடைசி மாடியில் பால்ஸ் சீலிங் போட்டுவிட்டால் தளத்தின் அடிப்பக்கத்தை நீங்கள் பார்ப்பது அதோடு கடைசி. ஒழுக்கு தெரிவதற்குள் கம்பி வரை ஊறியிருக்கும். ஒரு திறப்புப் பலகை வைக்கச் சொன்னால் அழகு கெடும் என்பார்கள், கெடட்டும். குளியலறையில் பழைய டைல்ஸ்மேல் புதிதை ஒட்டும்போது அடியில் உடைந்துபோன நீர்த்தடுப்பு உடைந்தபடியே இருக்கும். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை வேறு விதம். ஒரு கதவுக்குள் அடங்கியிருந்த நீராவி வீடு முழுக்கப் பரவுகிறது. புகைபோக்கி விசிறி வெளியே குழாய் இல்லாமல் உள்ளேயே சுற்றவிடும் வகை என்றால் எண்ணெய்ப் பிசுக்குத்தான் குறையும், ஈரம் குறையாது.

வீட்டில் வாழும் முறையும் மாறியிருக்கிறது. எல்லோரும் வேலைக்குப் போய்விட, பகல் முழுக்கப் பூட்டிய வீடு. மாலையில் வந்ததும் ஒரே மூச்சில் குளியல், சமையல், துவைத்த துணியை உள்ளேயே உலர்த்துதல். முன்பு ஜன்னல் திறந்திருந்த பத்து மணி நேரத்தில் போன ஈரம் இப்போது போக நேரம் இல்லை.

அக்கம்பக்கத்தின் தண்ணீர்

தண்ணீருக்கு மதில்சுவர் தெரியாது. ஒருவர் வீட்டைச் சுற்றி மண்ணடித்து மட்டத்தை உயர்த்தினால் மழைநீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் அதைவிட ஒரு சாண் உயர்த்துவார். சாலை போடுகிறவர்கள் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு வருவார்கள். கடைசியில் தெருவிலேயே பழைய வீடு எதுவோ அதுதான் குளம். சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்கு 15 சென்டிமீட்டர் சரிவு வெளிநோக்கி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் வீடு கட்டுவதற்கான மாதிரி விதித்தொகுப்பு சொல்கிறது. அந்தச் சரிவு முடியும் இடத்தில் தண்ணீர் எங்கே போகும் என்பதை எந்த வீடும் தனியாகத் தீர்மானிக்க முடியாது.

முற்றத்தை முழுக்கக் கல் பதிப்பதும் கார் நிறுத்தச் சிமெண்ட் போடுவதும் கடந்த சில பத்தாண்டுகளின் உலகப் போக்கு. மண் குடித்துக்கொண்டிருந்த மழை நேரே தெருவுக்கு ஓடுகிறது. இங்கிலாந்தில் 2008 அக்டோபரிலிருந்து, முன்தோட்டத்தில் 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் இறங்காத தளம் போட்டு, அந்த நீரைத் தன் மண்ணிலேயே விடாமல் தெருவுக்கு அனுப்பினால் திட்ட அனுமதி வாங்க வேண்டும். ஜெர்மன் நகரங்களில் மனையில் எவ்வளவு பரப்பு மூடப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம் தனியாக வரும். கல்லை எடுத்துவிட்டு மண்ணைத் திறந்தால் கட்டணம் குறையும். சீனா 2015-இல் 16 நகரங்களை முன்னோடியாக எடுத்துக்கொண்டு, நகரமே மழையை உறிஞ்சும் ஏற்பாட்டைத் தொடங்கியது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இன்னும் எளிய வழி: தெருவில் உள்ள வடிகால் வாய் ஒன்றை ஒரு குடியிருப்பாளர் தத்தெடுத்து, பெயரும் வைத்து, மழைக்கு முன் இலைதழையை அள்ளிப்போட வேண்டும். பெயர் வைப்பது விளையாட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆனால் வடிகால் வாய் அடைத்துக்கொள்வது பெரும்பாலும் முதல் பெருமழையின் முதல் மணி நேரத்தில்தான், அதுவும் இரவில். அந்த நேரத்தில் குச்சியோடு போய் நிற்க அந்தத் தெருக்காரரால்தான் முடியும்.

அடுக்குமாடியில் இந்தக் கூட்டுப்பொறுப்பு இன்னும் சிக்கல். மொட்டைமாடி எல்லோருக்கும் சொந்தம், ஒழுகுவது மட்டும் கடைசி மாடிக்காரருக்கு. கீழ்மாடிக்காரர்கள் பராமரிப்புச் செலவில் பங்கு கொடுக்கத் தயங்குவதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பார்க்கலாம். கைப்பிடிச் சுவர் மூலையில் நுழைந்த தண்ணீர் தளத்தோடு நிற்காமல் தூண் கம்பிக்கும் போகும், அந்தத் தூண் தரைமாடி வரை எல்லோருடையதும்தான் என்பதை யாராவது அந்தக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். மேல்வீட்டுக் குளியலறை, கீழ்வீட்டு சீலிங் தகராறு இதற்கு மேல். அங்கே சண்டைக்கு முன் செய்ய வேண்டியது, மேல்வீட்டு வடிகாலில் நிறம் கலந்த தண்ணீர் ஊற்றிக் கீழே நிறம் தெரிகிறதா என்று பார்ப்பது. இரு வீட்டாரும் சேர்ந்து நின்று பார்த்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும்.

பணத்தை எந்த வரிசையில் போடுவது

ஐரோப்பிய ஆணையம் 2020-இல் சொன்ன ஒரு கணக்கு: அங்கே இன்றிருக்கும் கட்டடங்களில் 85 முதல் 95 சதவீதம் 2050-இலும் நின்றுகொண்டிருக்கும். மற்ற இடங்களில் விகிதம் மாறலாம், ஆனால் கட்டியதைக் காப்பாற்றும் வேலை எங்கும் கூடிக்கொண்டுதான் போகிறது. கையில் உள்ளது ஒரு தொகை என்றால், என் வரிசை மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள். முதலில் தளமும் வடிகுழாயும், பிறகு வெளிச்சுவர் விரிசலும் ஜன்னல் ஓரமும், பிறகு சுற்றுத்தரை, பிறகு குளியலறை, அப்புறம் காற்றோட்டம். உள்பெயிண்டும் அலங்காரமும் இந்தப் பட்டியலில் கடைசி. வீட்டில் ஒப்புக்கொள்ள வைப்பது கஷ்டம் என்று தெரியும். வந்தவர்கள் பார்ப்பது ஹாலைத்தான், மாடியின் வடிகுழாயை யாரும் பாராட்டப் போவதில்லை.

காலமும் முக்கியம். ஈரம் நின்றபிறகு சுவர் காய, அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. 9 அங்குலச் சுவர் என்றால் முக்கால் வருடம். காற்றும் வெயிலும் ஒத்துழைத்தால் கொஞ்சம் முன்னே பின்னே. அதற்குள் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்தால் உள்ளிருக்கும் ஈரம் அதைத் தள்ளிக்கொண்டுதான் வெளியே வரும். தளவேலையை வறண்ட மாதத்தில் முடித்துவிட்டு, ஒரு மழைக்காலத்தைப் பெயிண்ட் இல்லாமல் அசிங்கமாகவே கழித்துப் பார்த்தால் வேலை நின்றதா என்பதும் தெரிந்துவிடும்.

வேலை கொடுக்கும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. மாடியோ குளியலறையோ, நீர்த்தடுப்பு முடிந்து டைல்ஸ் போடுவதற்கு முன் வடிகால் வாயை அடைத்து, தளம் முழுவதும் மூழ்கும்படி தண்ணீர் கட்டி 24 மணி நேரமாவது நிறுத்த வேண்டும். நீர்மட்டத்துக்குச் சுவரில் கோடு போட்டு, கீழ்வீட்டு சீலிங்கையும் பார்த்து, பணத்தின் கணிசமான பகுதியை அதன்பிறகே கொடுப்பது. பழைய தளம் எடையைத் தாங்குமா என்று சந்தேகம் இருந்தால் பொறியாளரைக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கட்ட வேண்டும். இந்த வரியைப் படித்ததும், இதெல்லாம் எதற்கு, நாங்கள் எத்தனை வேலை பார்த்திருக்கிறோம் என்று கோபித்துக்கொள்கிற ஒப்பந்தக்காரருக்கு அந்த வேலையைக் கொடுக்காமல் இருக்கலாம்.